லேபிளில் ஓடும் கார்

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டும் வேலை நடக்கும். அம்மாவும் பெரியம்மாவும் பசைக் கிண்ணத்தை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், பள்ளி விட்டு வரும் எனக்கும் ஒரு கட்டு லேபிள் கொடுத்துவிடுவார்கள். மயில், யானை, தாமரை, சாவி, கடிகாரம் என்று எத்தனையோ படங்கள் என் விரல் வழியே போயிருக்கின்றன. ஒரு பருவத்தில் கார் படம் போட்ட லேபிள் வந்தது. சிவப்பு நிறம், தரையோடு தரையாகத் தாழ்ந்த உடல், இரண்டே கதவுகள், கூரை முன்னிருந்து பின்னுக்கு மழைநீர் வழிவதுபோல் வழுக்கிக்கொண்டு இறங்கும். அப்படியொரு காரை நான் எங்கள் ஊர்த் தெருவில் கண்டதில்லை. மதுரைச் சாலையில் நின்று பார்த்தபோதும் கண்டதில்லை.

"இந்தக் கார் எங்கம்மா ஓடுது?" என்று கேட்டேன்.

"லேபிள்லதான் ஓடுது. நீ ஒட்டு" என்றார் அம்மா.

அன்று சிரித்துவிட்டு ஒட்டினேன். இன்று கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நிலையில், அந்தப் பதில் எவ்வளவு கூர்மையானது என்று அடிக்கடி நினைக்கிறேன். உலகத்தின் அழகான பொருள்களையெல்லாம் படமாக அச்சிட்டு அனுப்பும் ஊர் நம்முடையது. அந்தப் பொருளைச் செய்யும் ஊராக நாம் ஏன் ஆகவில்லை? எல்லாப் பொருளையும் பற்றி ஆண்டு மலரின் சில பக்கங்களில் பேச இயலாது. ஆகவே அந்த ஒரு காரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சாதாரண வருமானக்காரனும் வாங்கக்கூடிய, முன்சக்கரங்களால் இயங்கும், இரு கதவு ஸ்போர்ட்ஸ் கார். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அதனைக் கூபே என்பர். "வெட்டப்பட்டது" என்று பொருள். குதிரை வண்டிக் காலத்தில் நீண்ட வண்டியின் ஒரு பாதியை வெட்டி இருவருக்கு மட்டும் இடம் வைத்துச் செய்ததால் வந்த பெயர்.

"பணக்காரர் விளையாட்டுப் பொருளைப் பற்றி அரசு கலைக்கல்லூரி மலரில் என்ன பேச்சு?" என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். அது பணக்காரர் பொருள் அன்று என்பதும், அதை அப்படி நினைத்துத் தள்ளிவைத்ததால் நாம் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தை இழந்துவிட்டோம் என்பதுமே என் கருத்து.

முதலில் முன்சக்கர இயக்கம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பழைய அம்பாசிடரில் எஞ்சின் முன்னால் இருக்கும். ஆனால் சக்தி போவது பின்சக்கரங்களுக்கு. அதற்காக வண்டியின் அடியில் ஒரு நீண்ட இரும்புத் தண்டு சுழன்றுகொண்டே இருக்கும். அந்தத் தண்டுக்கு இடம்விட வேண்டிக் காரின் தரை நடுவில் மேடிட்டிருக்கும். நடுவில் உட்காருபவரின் கால் படும் பாடு பலரும் அறிந்ததே. முன்சக்கர இயக்கத்தில் அந்தத் தண்டு கிடையாது. எஞ்சின், கியர் பெட்டி, சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிபரன்ஷியல் மூன்றும் ஒரே பொட்டலமாக முன்னால் அமர்ந்து, அங்கேயே உள்ள சக்கரங்களைச் சுழற்றும். மாடு வண்டியைப் பின்னால் நின்று தள்ளுவதில்லை, முன்னின்றே இழுக்கிறது. அதுபோல்தான் இதுவும்.

இதனால் மூன்று நன்மைகள் உண்டு. எடை குறைகிறது. எஞ்சினின் பாரம் இயக்கும் சக்கரங்களின் மேலேயே விழுவதால் மழை நாளில் பிடிமானம் கிடைக்கிறது. மூன்றாவதே என் வாதத்துக்கு முக்கியமானது. பொட்டலம் ஒன்றாக இருப்பதால், அதனை ஒரு குடும்பக் காரிலிருந்து அப்படியே எடுத்து வேறோர் உடலுக்குள் வைத்துவிடலாம். புதிய எஞ்சின் வேண்டாம், புதிய கியர் பெட்டி வேண்டாம், புதிய அச்சு வேண்டாம். சட்டையை மட்டும் புதிதாகத் தைத்தால் போதும். ஸ்போர்ட்ஸ் கார் ஏழைக்கும் எட்டும் விலைக்கு இறங்கி வந்தது இந்த ஒரு வழியால்தான்.

குறைகளும் உள்ளன, மறைக்க வேண்டியதில்லை. வேகம் எடுக்கும்போது பாரம் பின்னுக்குச் சாய்வதால், முன்சக்கரங்கள் தம் பிடிமானத்தில் கொஞ்சம் இழக்கின்றன. திருப்புவதும் இழுப்பதும் ஒரே சக்கரங்களின் வேலையாக இருப்பதால், மிகுந்த சக்தியுள்ள எஞ்சினை வைத்தால் ஸ்டியரிங் கையை ஒரு பக்கம் பிடித்து இழுக்கும். பந்தய ரசிகர்கள் இதனால் அதனைக் குறைவாகவே மதிப்பர். ஆயினும் புதிதாக ஓட்டுபவருக்கு இதில் ஒரு பாதுகாப்பு உண்டு. வளைவில் வேகம் மிஞ்சினால் இந்த வண்டியின் முகம்தான் வெளியே விலகும். காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்ப உள்ளே வந்துவிடும். பின்சக்கர வண்டி வால் வீசிச் சுழலும். அதனைத் திருத்தத் தேர்ந்த கை வேண்டும்.

உலகில் இந்த எண்ணத்தை மக்கள் மயமாக்கியது 1959 இல் வந்த மினி. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியாளர் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர் பெட்டியை அதன் அடியிலேயே அடைத்து, பத்தடி நீளத்துக்குள் நால்வர் அமர இடம் செய்தார். எஞ்சின் வெறும் 848 சி.சி. ஏழைகளின் வண்டி என்று செய்யப்பட்ட அதன் வேகமான வடிவம் 1964 இல் மாண்டி கார்லோ ராலியில் பெரிய வண்டிகளையெல்லாம் தோற்கடித்தது. 1974 இல் வோக்ஸ்வாகன் தன் குடும்பக் காரான கோல்பின் உறுப்புகளைக் கொண்டே சிரோக்கோ என்னும் கூபேயைச் செய்தது. சட்டையே உடலுக்கு முந்திக்கொண்டு, கோல்புக்குச் சில மாதம் முன்னதாகவே சந்தைக்கு வந்துவிட்டது. 1983 இல் ஹோண்டா சிவிக் காரிலிருந்து சி.ஆர்.எக்ஸ். பிறந்தது. இவையெல்லாம் ஏற்கெனவே தொழில் பழுத்த நாடுகளின் கதைகள். நமக்குப் பாடம் ஆவது வேறொரு நாட்டின் கதை.

தென் கொரியாவில் ஹூண்டாய் மோட்டார் கம்பெனி 1967 இல் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு போர்டு கார்ட்டினா என்ற ஆங்கிலக் காரின் உறுப்புகளை வரவழைத்துப் பூட்டத் தொடங்கினார்கள். அப்போது நம் நிலை என்ன? சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 இலிருந்தே ஹெரால்டு கார்களைச் செய்துகொண்டிருந்தது. அதாவது கொரியாவைவிட நாம் ஏழு ஆண்டு மூத்தவர்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1974 இல் கொரியர்கள் தமக்கென ஒரு கார் செய்ய ஜார்ஜ் டர்ன்புல் என்ற ஆங்கிலேயரை அழைத்து வேலைக்கு அமர்த்தினார்கள். அவர் இளமையில் தொழில் பழகிய இடம் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனி. நம் சென்னைக் கம்பெனிக்குத் தாய்வீடு எதுவோ அதே வீடுதான். ஒரே வாத்தியாரிடம் இரண்டு பிள்ளைகள் படித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொரியப் பிள்ளை 1975 இல் போனி என்ற காரைச் செய்தது. உருவம் இத்தாலியரிடம் வாங்கியது. எஞ்சின் ஜப்பானிய மிட்சுபிஷியிடம் வாங்கியது. 1985 இல் முன்சக்கர இயக்கம் கொண்ட எக்செல் வந்தது. மறு ஆண்டு அமெரிக்காவுக்கும் கப்பலேறியது. மலிவு என்பதற்காக வாங்கியவர்கள் மலிவு என்பதற்காகவே கேலியும் செய்தார்கள். அந்த எக்செல் காரின் இரண்டாம் வடிவத்தை அடியாக வைத்து 1990 இல் ஹூண்டாய் ஒரு கூபேயை வெளியிட்டது. பெயர் எஸ்கூபே. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் எக்செலுக்கு எவ்வளவோ அதற்கும் அவ்வளவே. மேலே மட்டும் தாழ்ந்த கூரை, இரண்டு கதவு, சாய்ந்த முகம். தொடக்கத்தில் வைத்திருந்தது மிட்சுபிஷி வழிவந்த 1468 சி.சி. எஞ்சின், 81 குதிரைத் திறன். பந்தயக் காரைப்போல் தோற்றமிருந்ததே தவிர ஓட்டமில்லை என்று பத்திரிகைகள் எழுதின. எழுதியதில் தவறொன்றும் இல்லை.

ஆனால் அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். கொரியர்கள் பல ஆண்டுகள் முயன்று 1991 இல் ஆல்பா என்ற எஞ்சினைத் தாமே வடிவமைத்து முடித்தார்கள். அந்நாட்டின் முதல் சொந்தக் கார் எஞ்சின் அதுதான். 1495 சி.சி.; 92 குதிரைத் திறன்; டர்போ பூட்டிய வடிவில் 115. அந்தத் தலைப்பிள்ளையை அவர்கள் முதலில் வைத்தது எந்த வண்டியில்? ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நம்பி ஓட்டும் எக்செல் காரில் அன்று. எஸ்கூபேயில்தான் வைத்தார்கள். இளைஞன் ஒருவன் ஆசைப்பட்டு வாங்கும் வண்டி, விரட்டி ஓட்டுவான், குறை இருந்தால் சத்தமாகச் சொல்வான், நிறை இருந்தாலும் சத்தமாகச் சொல்வான். எண்ணிக்கையும் குறைவு. ஒரு புதிய எஞ்சினுக்கு இதைவிட நல்ல பரீட்சை மண்டபம் கிடைக்காது. அங்கே தேறிய பிறகே அது குடும்பக் காருக்கு வந்தது. 1994 இல் ஆக்சென்ட் என்னும் கார் வந்தபோது, அதில் அயலார் எஞ்சின் இல்லை.

அந்த ஆக்சென்ட் 1999 இல் எங்கே வந்தது? ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், இருங்காட்டுக்கோட்டைக்கு. அதே ஆல்பா எஞ்சினோடு வந்தது. மூத்த பிள்ளையின் ஊருக்கு இளைய பிள்ளை முதலாளியாக வந்த கதை இது. வந்ததில் எனக்கு வருத்தமில்லை. எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. ஆனால் மூத்த பிள்ளை என்ன ஆயிற்று என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அதைச் சொல்வதற்கு முன் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரை நினைக்க வேண்டும். ஜி. டி. நாயுடு 1952 இல் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து காட்டினார். இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொடுக்கலாம் என்றார். அரசின் உரிமம் கிடைக்கவில்லை. கார் அதோடு நின்றது. தொழில்களுக்கு உரிமம் வேண்டும் என்ற 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலம் அது. ஏழை நாட்டில் எஃகும் அந்நியச் செலாவணியும் எதற்குச் செலவாக வேண்டும் என்று அரசு கவலைப்பட்டதை நான் குறை கூறமாட்டேன். ஆனால் கவலை, கதவைப் பூட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டது. கார்த் தொழிலுக்கு உரிமம் தேவையில்லை என்று ஆனது 1993 இல்தான்.

பூட்டிய கதவுக்குள் ஸ்டாண்டர்டு கம்பெனி ஹெரால்டைச் செய்துகொண்டிருந்தது. அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் கொஞ்சம் குறுக்கி, மிச்சலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த உடலை மேலே வைத்து, 1962 இல் இங்கிலாந்தில் ஸ்பிட்பயர் என்ற மலிவான ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டார்கள். அது பின்சக்கர வண்டி. ஆனாலும் முறை நான் முன்னே சொன்ன சட்டை தைக்கும் முறைதான். பதினெட்டு ஆண்டு காலம் அது ஓடியது. இங்கே வண்டலூரில் அடிச்சட்டம் இருந்தது, பட்டறை இருந்தது, கை இருந்தது. சோழவரம் விமானத் தளத்தில் நம் இளைஞர்கள் ஹெரால்டுகளைத் திருத்திப் பந்தயமும் ஓட்டினார்கள்; ஆசையும் இருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? ஸ்பிட்பயர் மட்டும் வரவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணைக்கு லேபிளில் வந்த கார் அந்த வம்சத்தைச் சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று இன்று நினைக்கிறேன். ஸ்டாண்டர்டு கம்பெனி 1985 இல் பெரிய உருவத்தில் பழைய எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்ற காரை விட்டுப் பார்த்தது. எடுபடவில்லை. 1988 இல் கதவடைத்தது.

ஒரு முறை தவறினால் விதி எனலாம். இரண்டாம் முறையும் அதே பக்கத்தில் அதே கதை நடந்தது. 1999 இல் மறைமலைநகரில் போர்டு கம்பெனி ஐகான் காரைச் செய்யத் தொடங்கியது. ஐரோப்பியப் பியஸ்டா காரிலிருந்து பிறந்த நான்கு கதவுக் குடும்பக் கார் அது. முன்சக்கர இயக்கம்; 1.6 லிட்டர் எஞ்சினோடு ஓடினால் துள்ளிக்கொண்டு போகும். இன்றும் அதைக் கைவிடாமல் வைத்திருப்பவர்கள் நம் மாவட்டத்திலேயே உண்டு. ஆனால் அதே பியஸ்டாவின் அடியிலிருந்து 1997 இலேயே ஜெர்மனியில் வேறொரு பிள்ளை பிறந்திருந்தது. பெயர் பூமா. இரண்டு கதவு, பூனை பதுங்குவதுபோன்ற உருவம், யமஹா துணையோடு செய்த 1.7 லிட்டர், பதினாறு வால்வு எஞ்சின். 125 குதிரைத் திறன். மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகம். ஐரோப்பாவில் ஒரு பள்ளி ஆசிரியர் சம்பளத்தில் வாங்கி ஓட்டக்கூடிய வண்டி. மறைமலைநகரில் செய்த ஐகான் மெக்சிகோ வரை ஏற்றுமதியானது. ஆகவே செய்நேர்த்தியில் குறை என்று யாரும் சொல்ல முடியாது. ஆயினும் பூமா இங்கே பிறக்கவில்லை. 2022 இல் அந்த ஆலையில் கார் உற்பத்தியும் நின்றது.

அப்படியானால் இந்தியாவில் இந்த வகைக் காரை ஒருவரும் செய்யவே இல்லையா? செய்தார்கள். பெங்களூரைச் சேர்ந்த, ரயில் எஞ்சின் தொழிலில் ஊறிய ஒரு நிறுவனத்தார் 1998 இல் கோவாவில் சான் ஸ்டார்ம் என்ற இருவர் காரை வெளியிட்டார்கள். பிரான்சிலிருந்து வாங்கிய 1149 சி.சி. ரெனோ எஞ்சின், 60 குதிரைத் திறன், ஐந்து கியர், முன்சக்கர இயக்கம், உடல் முழுதும் கண்ணாடி இழை. இரும்புத் தகடு அழுத்தும் பெரிய எந்திரங்களுக்குக் கோடிக்கணக்கில் செலவிட முடியாதவர் கண்ணாடி இழையை அச்சில் வார்த்து உடல் செய்துவிடலாம். புத்திசாலித்தனமான வழி. காற்றுக்குத் திறந்த கூரையோடும், மூடிய கூரையோடும் அது வந்தது. மிகச் சிலவே விற்றன. அதே ஆண்டில் சான்ட்ரோவும் இண்டிகாவும் வந்தன. ஐந்து பேர் உட்காரும் வண்டி அருகில் நிற்கும்போது இரண்டு பேர் உட்காரும் வண்டிக்கு யார் பணம் கொடுப்பார்? விற்பனை நிலையங்களும் பரவலாக இல்லை. கொரியாவில் பெரிய கம்பெனி சிறிய கூபேயைத் தாங்கிக்கொண்டது. இங்கே சிறிய கம்பெனி தனியாகத் தாங்கப் பார்த்தது. தோல்விக்குக் காரணம் இதுவே என்பது என் எண்ணம். அந்த வண்டியைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இங்கே நம் ஊர்ப் பெரியவர்களை நினைக்காமல் இருக்க முடியுமா? 1922 இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். ஜெர்மன் எந்திரத்தை வாங்கித் தொடங்கினார்கள். அதாவது வாங்கிய எந்திரம், கற்ற வித்தை. போனி காருக்கும் அதே தொடக்கம்தான். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, அச்சகம் வந்தது. மருந்துக் கலவையில் கை பழகியது, வாணவேடிக்கை வந்தது. மத்தாப்பை யாரும் உயிர் வாழ்வதற்காக வாங்குவதில்லை.

இதைச் சொல்லும்போதெல்லாம் எங்கள் பொருளியல் துறை நண்பர் என்னோடு சண்டைக்கு வருவார். "சார், நம்ம ஊருக்கு வேண்டியது பஸ். பட்டாசு ஆலைக்குப் போற பெண்கள் விடியற்காலையிலே வேனுக்குக் காத்து நிற்கிறாங்க. நீங்க ரெண்டு கதவுக் காரைப் பற்றி எழுதுறீங்க!" என்பார். அவர் கூறுவதில் நியாயம் உண்டு. பேருந்தா கூபேயா என்று வந்தால் நானும் பேருந்துக்கே கை தூக்குவேன். ஆனால் கேள்வி அப்படி வரவில்லையே. கார்கள் இங்கே செய்யப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன, லட்சக்கணக்கில். அவற்றில் ஒன்றாவது மகிழ்ச்சிக்காக இருக்கலாமா என்பதே கேள்வி. "மகிழ்ச்சி ஏழைக்கு ஆடம்பரம்" என்று வேறு எந்த ஊர்க்காரர் சொன்னாலும் பொறுத்துக்கொள்வேன். சிவகாசிக்காரர் சொல்லக் கூடாது. ஒரு நொடி எரிந்து அணையும் ஒளிக்காக நாட்டு மக்கள் காசு எடுத்துக் கொடுப்பதால்தான் நம் வட்டாரம் வாழ்கிறது. தீபாவளியன்று கூலிக்காரன் தன் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் ஒரு பெட்டிக் கம்பி மத்தாப்பு ஆடம்பரமா? அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டேன். தேநீரை முழுதும் குடித்துவிட்டு, "இது தர்க்கம் இல்லை சார், ஊர்ப்பாசம்" என்றார். இருக்கலாம்.

வேகத்தைப் பற்றிய அச்சம் இன்னொன்று. இளைஞர் கையில் இப்படியொரு வண்டியைக் கொடுத்தால் நான்குவழிச் சாலையில் என்ன ஆகும் என்று பெற்றோர் கேட்பர். அவர்கள் பிள்ளைகள் ஏற்கெனவே எத்தனை குதிரைத் திறனுள்ள மோட்டார் சைக்கிளில், தலைக்கவசத்தை டேங்கின் மேல் மாட்டிக்கொண்டு போகிறார்கள் என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. நான்கு சக்கரமும் பெல்ட்டும் காற்றுப் பையும் அதைவிட ஆபத்தாகத் தோன்றவில்லை எனக்கு. வேகத்துக்கு உரிய இடம் சாலை அன்று, பந்தயத் திடல் என்பதும் உண்மை. அந்தத் திடலை நமக்குத் தந்தவர்களும் தமிழ்நாட்டவரே. கோவையைச் சேர்ந்த கரிவரதன், 1980களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஒருவர் அமரும் பந்தய வண்டிகளைச் செய்து கொடுத்தார். மளிகைச் சாமான் வாங்கப்போகும் வண்டியின் எஞ்சின்! அந்த வண்டியில் ஓட்டப் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005 இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார்.

இப்போது நிலை மாறவில்லையா என்று கேட்கலாம். மாறியிருக்கிறது. செங்கற்பட்டுப் பக்கம் மகிந்திரா ஆராய்ச்சி நிலையத்தில் நம் பொறியாளர்கள் முழுக் கார்களையே வடிவமைக்கிறார்கள். திறமை இல்லை என்ற பேச்சு இனிச் செல்லாது. ஆனால் அவர்கள் வரைவன எல்லாம் உயர்ந்து பருத்த வண்டிகள். கூபே என்ற பெயரும் இன்று அப்படிப்பட்ட வண்டிகளின் முதுகில் ஒட்டப்படுகிறது. 2024 இல் வந்த டாடா கர்வ் முன்சக்கர வண்டிதான். பின்கூரை அழகாகச் சாய்கிறது. பத்து லட்ச ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக விலை தொடங்கியது. பாராட்டத்தக்க முயற்சி. என்றாலும் ஐந்து கதவும் ஏறி உட்கார வேண்டிய உயரமும் உள்ள வண்டியைக் கூபே என்றால், வெட்டப்பட்டது எது என்று கேட்கத் தோன்றுகிறது.

வரி விதியும் இப்போது ஒரு வாய்ப்பைத் திறந்து வைத்திருக்கிறது. நான்கு மீட்டர் நீளத்துக்கும் 1200 சி.சி. பெட்ரோல் எஞ்சினுக்கும் உட்பட்ட கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு, பெரியவற்றுக்கு 40. சிறியதாக, தாழ்ந்ததாக, இலேசானதாகச் செய்பவருக்கு இதைவிடச் சலுகை வேண்டியதில்லை. அன்றைய சான் ஸ்டார்மின் 1149 சி.சி. எஞ்சின் இந்த வரம்புக்குள் சாவகாசமாக உட்காரும். எத்தனையோ கம்பெனிகள் இந்த அளவுக்குள் முன்சக்கரப் பொட்டலங்களை ஆயிரக்கணக்கில் செய்கின்றன. கதவு இரண்டாக, கூரை நாலு விரற்கடை தாழ்வாக ஒரு சட்டை தைத்துப் போட்டுப் பார்க்க அவற்றில் ஒன்றுகூட முன்வரவில்லை.

எனக்கு இதில் உள்ள அக்கறை வெறும் கார் ஆசை அன்று. என்னிடம் படித்த மாணவன் ஒருவன் ஒரகடம் பக்கம் ஒரு கார் ஆலையில் வேலை செய்கிறான். பொங்கலுக்கு வந்தவன் கல்லூரி வாசலில் என்னைப் பார்த்தான். நல்ல சட்டை, நல்ல கைப்பேசி, முகத்தில் களைப்பு. "என்னப்பா வேலை?" என்றேன். "கதவு மாட்டுறேன் சார். நாலு வருஷமா இடது பின்கதவு" என்றான். "வலது?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "அது வேற ஆள் சார்" என்றான். இயற்பியலில் திருப்பு விசைக் கணக்கைக் கரும்பலகையில் எனக்கே திருத்திக் காட்டிய பையன் அவன். கதவு மாட்டுவது இழிவு என்று நான் சொல்லவில்லை. என் அம்மா நாற்பது ஆண்டு லேபிள் ஒட்டியவர். ஆனால் அவன் கையில் இருக்கும் கணக்குக்கு அந்த ஆலையில் நாற்காலி இல்லை. ஒரு சிறிய கூபேயைச் செய்யத் துணியும் ஆலையில், எண்ணிக்கை குறைவாக இருப்பதால், ஒருவன் பல வேலை பார்க்க வேண்டியிருக்கும். வரைபவனும் மாட்டுபவனும் ஒரே மேசையில் பேச வேண்டியிருக்கும். ஆல்பா எஞ்சினைச் செய்த கொரியர் அத்தகைய மேசையில்தான் கற்றிருப்பர் என்று நம்புகிறேன்.

2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாம் நாட்டின் வின்பாஸ்ட் நிறுவனம் மின்சாரக் கார் ஆலையைத் திறந்துவிட்டது. 2017 இல் தோன்றிய கம்பெனி அது, பி.எம்.டபிள்யூ. நிறுவனத்திடம் வாங்கிய நுட்பத்தைக் கொண்டு முதல் கார்களைச் செய்தது. நமக்கு ஓரகடமும் இருங்காட்டுக்கோட்டையும் தூரம். தூத்துக்குடி பக்கத்து வீடு. இனி நம் கல்லூரிப் பிள்ளைகள் அங்கேதான் விண்ணப்பம் போடுவார்கள். மின்சாரக் காரில் எஞ்சின் பொட்டலம் இன்னும் சிறுத்துவிடுகிறது. மோட்டாரும் பல்சக்கரமும் சேர்ந்து ஒரு குத்துவிளக்குப் பெட்டி அளவுக்கு முன்னால் அடங்கிவிடும். சட்டை தைப்பது முன்னைவிட எளிது. இடது பின்கதவா, வரைபடமா என்ற கேள்வியை நம் பிள்ளைகள் முதல் நாளே கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது என் ஆசை. ஆலைக்காரர்களும் பாலிடெக்னிக்குகளும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு வண்டி, ஒரே ஒரு வண்டி, மாணவர் கையால் செய்து கோவைத் திடலில் ஓட்டிப் பார்க்க அரசு ஏற்பாடு செய்தால் செலவு பெரிதாக ஆகிவிடாது.

இந்தக் கட்டுரைக்காகப் பழைய எஸ்கூபே காரின் படம் ஒன்றைத் தேடி எடுத்து அம்மாவிடம் காட்டினேன். சிவப்பு நிறம்தான் கிடைத்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு கதவுதான் இருக்கு. பின்னால எப்படிய்யா ஏறுறது?"

"முன் சீட்டை மடக்கிட்டு ஏறணும்மா."

"இருக்கன்குடிக்குப் போறப்ப சீட்டை மடக்கி, என்னையையும் மடக்கி உள்ளே வைப்பியாக்கும்? நான் முன்னாலயே உட்காந்துக்கிறேன்" என்றார்.